மாலை ஆறு மணிக்கு என்ன செய்வது? புதுப்பாளையம் ஆசிரமத்துக்கு ஒரு நாள் பயணம்

சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் மூக்கனேரிக்குக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீருக்கு நடுவே திட்டுத் திட்டாக மரங்கள். அவற்றின் உச்சியில் பறவைகளின் பஞ்சாயத்து. பின்னால் சேர்வராயன் மலை, மேகத்தைப் போர்த்திக்கொண்டு இன்னும் எழுந்திருக்க மனமில்லாமல் கிடக்கும். 58 ஏக்கர் ஏரி இது. ஒரு காலத்தில் குப்பையும் கழிவும் சேர்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டிய இடமாக இருந்தது. 2010-ல் சேலத்து மக்களே கூடிக் கைக்காசு போட்டுத் தூர்வாரினார்கள். அள்ளிய மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே குவித்து, மரக்கன்று நட்டார்கள். அந்த மண்மேடுகள்தான் இன்றைய திட்டுகள்.

கரையில் நடப்பவர்களின் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், தமிழ்நாட்டின் எந்த வாக்கிங் பாதையிலும் கேட்கிற அதே பேச்சுதான். "இந்த மாசத்துலேர்ந்து காபிக்குச் சர்க்கரை கட்." "ராத்திரி ஒன்பதுக்கு மேல போனைத் தொடறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்." "வெள்ளிக்கிழமை மட்டும்தான் சினேகிதங்களோட..." என்று ஒருவர் கையால் ஜாடை காட்ட, மற்றவர் சிரிக்கிறார்.

முடிவு எடுப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. சிக்கல் அடுத்த நாள் மாலையில்தான் வருகிறது. விட்டாயிற்று, சரி. அந்த நேரத்தில் என்ன செய்வது? போனை எடுக்காத அந்த ஒரு மணி நேரம் மலைபோல நிற்கிறது. பழக்கம் போன இடம் காலியாகக் கிடந்தால், போன பழக்கமே மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தக் கேள்வியோடு நூறு ஆண்டுகளுக்கு முன்பு மல்லுக்கட்டிய ஓர் இடம், மூக்கனேரியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோடு பக்கம், புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். ஒரு விடுமுறை நாளில் போய் வரலாம்.

வழியெல்லாம் வெயிலும் மரவள்ளியும்

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினால் திருச்செங்கோடு சுமார் ஒன்றரை மணி நேரம். நகரம் தாண்டியதும் சமவெளி விரிகிறது. ஆனால், இது தஞ்சாவூர்ச் சமவெளி அல்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரத்தில் ஒரு குன்று எட்டிப் பார்க்கும். மரவள்ளிக் காடு, சோளத்தட்டு, நிலக்கடலை, வரப்பில் பனை. மரவள்ளிதான் இந்தப் பக்கத்தின் தங்கம். ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாக மாறி, வடஇந்தியாவின் விரத நாள் கிச்சடி வரை போய்ச் சேருகிறது.

சங்ககிரியில் கோட்டை மலை. தீரன் சின்னமலையை 1805-ல் ஆங்கிலேயர் தூக்கிலிட்ட இடம். ஆடிப்பெருக்கு அன்று வந்தால் கூட்டத்தில் நகர முடியாது. மற்ற நாள்களில் மலையேற விருப்பமுள்ளவர்கள் தண்ணீர் பாட்டிலோடு ஏறலாம். அங்கிருந்து திருச்செங்கோடு பக்கம்தான்.

திருச்செங்கோட்டை நெருங்கும்போது கண்ணில் படுவது கோயில் மலையும் ரிக் வண்டிகளும். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் வண்டிகள் இந்த ஊர்க்காரர்களுடையவை. ராஜஸ்தான் பாலைவனத்துக் கிராமத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும் வண்டியில் 'திருச்செங்கோடு' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பூரித்துப்போன தமிழர்கள் உண்டு. தண்ணீருக்குத் தவித்த மண், தண்ணீர் தேடுவதையே தொழிலாக்கிக்கொண்டது.

அந்தத் தவிப்பு உச்சத்தில் இருந்த காலத்தில்தான் இங்கே ஒரு வக்கீல் குடிவந்தார்.

ஒரே நாளில் மாறியவர் அல்ல

ராஜாஜி என்றதும் கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியும் கவர்னர் ஜெனரல் பதவியும்தான் நினைவுக்கு வரும். சேலத்துக்காரர்களுக்கு அவர் முதலில் வக்கீல். 1878-ல் தொரப்பள்ளியில் பிறந்து, 1900-ல் சேலத்தில் தொழில் தொடங்கி, ஊரின் முன்னணி வழக்கறிஞராக வளர்ந்தவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். மனைவியை இளம் வயதிலேயே இழந்து, ஐந்து குழந்தைகளைத் தனியாக வளர்த்த தகப்பன். போதாததற்கு ஆஸ்துமா வேறு.

வசதியான வாழ்க்கையிலிருந்து அவர் ஒரே தாவலில் குடிசைக்குப் போய்விடவில்லை. 1919-ல் காந்தியோடு பழக்கம். அடுத்து ஒத்துழையாமை இயக்கம், வக்கீல் தொழிலுக்கு முழுக்கு. 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை, மூன்று மாதம். வெளியே வந்த பிறகும் கட்சி வேலை, அலைச்சல். படிப்படியாக ஐந்தாறு ஆண்டுகள் ஆன பிறகுதான் 1925 பிப்ரவரி 6-ல் புதுப்பாளையத்தில் ஆசிரமம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் யார் தெரியுமா? அப்போது காங்கிரஸில் அவருக்கு நெருங்கிய நண்பராக இருந்த ஈ.வெ.ரா. பின்னாளில் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள் ஆனது வேறு கதை. நட்பு மட்டும் கடைசி வரை இருந்தது.

நிலம் கொடுத்தவர் ஊர்ப் பெரிய நிலக்கிழார் ரத்தினசபாபதி கவுண்டர். கூரை வேய்ந்த குடிசைகள். ராஜாஜியோடு வந்தவர்கள் மகன் நரசிம்மனும் மகள் லட்சுமியும். அப்பா திடீரென்று பட்டிக்காட்டுக் குடிசைக்குப் பெட்டி கட்டச் சொன்னால், இன்றைய பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சிறுமி லட்சுமிதான் பிற்பாடு காந்தியின் மகன் தேவதாஸைக் காதலித்தார். 'பொறுத்திருங்கள், பிறகு பார்க்கலாம்' என்று இரண்டு அப்பாக்களும் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் காக்க வைத்து, 1933-ல்தான் கல்யாணம் செய்து வைத்தார்கள். பொறுமை அந்தக் குடும்பத்தின் பொதுச்சொத்து போலிருக்கிறது.

ராட்டை எதற்கு?

ஆசிரமம் இன்றும் கதர் நிறுவனமாக இயங்குகிறது. 2025-ல் நூறு ஆண்டு நிறைந்தது. சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. இது சுற்றுலாத் தலம் அல்ல, வேலை நடக்கும் இடம். ஐஸ்கிரீம் கடையை எதிர்பார்த்துப் போகும் குழந்தைகள் ஏமாந்துபோவார்கள். பெரிய மரங்களின் நிழல் உண்டு. வெளியே கொளுத்தும் வெயிலிலிருந்து வருபவர்களுக்கு அதுவே போதும்.

முதல் வருடங்களில் இங்கே என்ன நடந்தது? மழை பொய்த்த காலம் அது. காட்டில் வேலை இல்லை என்றால் வீட்டில் கஞ்சி இல்லை. அக்கம்பக்கத்துக் கிராமங்களின் பெண்கள் ஆசிரமத்துக்கு நடந்து வந்து பஞ்சு வாங்கிப் போவார்கள். வீட்டில் நூற்று, நூலைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்குவார்கள். அணாக் கணக்கில் வரும் கூலிதான். ஆனால், சும்மா கிடந்த மதியத்துக்கு அது ஒரு வேலை கொடுத்தது, அடுப்புக்கு ஒரு வழி செய்தது. காந்தியும் அதே 1925-ல் இங்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆசிரமத்தில் மருந்தகம் இருந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர்களும் மற்றவர்களும் ஒன்றாகத் தங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். 1925-ல், கொங்கு நாட்டின் ஒரு கிராமத்தில். ஊர் முகம் சுளிக்காமல் இருக்குமா? சுளித்தது. ஆசிரமம் சண்டைக்குப் போகவில்லை, பந்தியையும் மாற்றவில்லை.

இவ்வளவும் பார்த்துக்கொண்டிருந்த ராஜாஜியின் கண்ணில் இன்னொன்றும் பட்டது. கூலி வீட்டுக்கு வந்து சேரும் முன்பே, வழியில் கள்ளுக்கடை இருந்தது.

கல்கி வந்த கதை

1928-ல் ஆசிரமத்துக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். வயது 29. திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் வேலை பார்த்தவர். பெயர் ரா.கிருஷ்ணமூர்த்தி. 'கல்கி' என்றால் உங்களுக்குத் தெரியும். வந்தியத்தேவனைக் குதிரையில் ஏற்றுவதற்கு இருபது வருடங்களுக்கு முன்பு, அவர் இந்தப் புழுதி ஊரில் 'விமோசனம்' என்ற மாதப் பத்திரிகைக்கு வேலை செய்துகொண்டிருந்தார்.

ராஜாஜி ஆசிரியர், கல்கி துணை. பத்திரிகைக்கு ஒரே விஷயம்தான்: மதுவிலக்கு. முழுக்க முழுக்கக் குடியைப் பற்றி ஒரு பத்திரிகை! இன்றைக்கு யாராவது இப்படி ஒரு யூடியூப் சேனல் ஆரம்பித்தால் எத்தனை பேர் சப்ஸ்கிரைப் செய்வார்கள்? ஆனால், நடத்தியவர்கள் கெட்டிக்காரர்கள். 'குடிக்காதே' என்ற உபதேசத்தை மட்டும் அச்சடித்திருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கதை இருந்தது, படம் இருந்தது, வேடிக்கை இருந்தது. குடிகாரனைக் கேவலப்படுத்துவதைவிட, அவன் வீட்டுக் கணக்கை அவனுக்கே போட்டுக் காட்டுவது பலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பத்திரிகை அதிக நாள் ஓடவில்லை. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்துவிட்டது. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். ஆசிரியரும் சிறை, துணை ஆசிரியரும் சிறை.

ராஜாஜி இதே விஷயத்தை வைத்து எழுதிய 'திக்கற்ற பார்வதி' பிற்பாடு சினிமாவானது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தது, 1974. தொரப்பள்ளியிலேயே படமாக்கினார்கள். குடி ஓர் இளம் தம்பதியை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் கதை. இந்தப் பயணத்துக்கு முந்தின இரவு பார்க்கத் தோதான படம். கொஞ்சம் அழுவீர்கள்.

1937 அக்டோபர் 1

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர். அப்போது முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள். மூன்றே மாதத்தில், அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பெரிய மாவட்டம் அது. மாகாணம் முழுவதற்கும் முன்னோட்டமாகத் தன் சொந்த மாவட்டத்தையே தேர்ந்தெடுத்தார்.

இங்கேதான் மூக்கனேரிக் கரையின் கேள்வி பூதாகரமாக எழுகிறது. ஒரு மாவட்டத்தின் கள்ளுக்கடை, சாராயக்கடை அத்தனையும் ஒரே நாளில் மூடியாயிற்று. காட்டு வேலை, தறி வேலை முடித்து உடம்பு நொந்து வரும் ஆயிரக்கணக்கான ஆண்கள் மாலை ஆறு மணிக்கு எங்கே போவார்கள்? கள்ளுக்கடை என்பது கள் மட்டும் அல்லவே. அதுதான் அவர்கள் உட்காரும் இடம், ஊர் நியாயம் பேசும் இடம், சிரிக்கும் இடம்.

நிர்வாகத்துக்கு இது புரிந்திருந்தது என்பதுதான் சேலம் பரிசோதனையின் அழகு. கிராமங்களில் தேநீர்க் கடைகளுக்கு ஊக்கம் தந்தார்கள். விளையாட்டு, பஜனை, நாடகம் என்று மாலைப் பொழுதுக்கு ஏற்பாடு செய்தார்கள். டிக்ஸன் என்ற ஆங்கிலேய கலெக்டர் இதை முழுமனதோடு நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரத் துறை, சேலத்துக் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து அறிக்கை போட்டது. மிச்சமான காசு சாப்பாட்டுக்கும் துணிக்கும் போனது தெரிந்தது.

எல்லாம் சுபம் என்று எழுதிவிட முடியாது. கள் இறக்கிப் பிழைத்தவர்களின் வயிற்றில் அடி விழுந்தது. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சச் சொன்னார்கள். எல்லோருக்கும் அது கட்டுப்படியாகவில்லை. மறைவில் சாராயம் காய்ச்சும் அடுப்புகளும் எரியத்தான் செய்தன. அரசுக்கும் வருமானம் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் வந்ததுதான் இந்தியாவின் முதல் பொது விற்பனை வரிச் சட்டம். இன்று மளிகைக்கடை பில்லின் அடியில் வரி என்று ஒரு வரி வருகிறதே, அதன் கொள்ளுத்தாத்தா சேலத்துக் கள்ளுக்கடை மூடியதில் பிறந்தவர்.

அதே 1939-ல் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. யுத்த காலத்தில் மதுவிலக்கும் போயிற்று. சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் மாகாணம் முழுக்க மறுபடி வந்தது. 1971-ல் விலக்கப்பட்டபோது ராஜாஜிக்கு வயது 92. கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் கோபாலபுரம் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. 2003 முதல் கடையை நடத்துவதும் அரசின் டாஸ்மாக்தான். இன்னொரு பக்கம், 'கள்ளுக்கு மட்டும் ஏன் தடை?' என்று கேட்கும் விவசாயிகளின் குரலும் இதே கொங்கு மண்ணிலிருந்துதான் வருகிறது. அந்தக் கேள்வியையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

சட்டம் போனது, வந்தது, மறுபடி போனது. ஆசிரமத்தின் ராட்டை மட்டும் இதற்கெல்லாம் இடையில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊரையே ஒரு நாளில் திருத்தும் வேகம் அதற்கு இல்லை. ஒரு கைக்கு ஒரு வேலை, ஒரு மதியத்துக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அதன் கணக்கு.

அறுபது படி

ஆசிரமத்திலிருந்து திரும்பும்போது திருச்செங்கோட்டு மலைக்கு ஏறாமல் வரக் கூடாது. பாதி ஆண், பாதி பெண்ணாக அர்த்தநாரீஸ்வரர் நிற்கும் மலை. செந்நிறப் பாறை, மாலை வெயிலில் இன்னும் சிவக்கும். காரில் மேலே வரை போகலாம். முட்டி ஒத்துழைத்தால் படியேறுங்கள். 1,200 படிகளுக்கு மேல். இடையிடையே மண்டபங்கள், குரங்குகள். கையில் இருக்கும் வாழைப்பழம் உங்களுடையது என்று நினைக்காதீர்கள்.

வழியில் 'அறுபதாம் படி' என்று ஒரு பகுதி வரும். சத்தியப் படிகள் என்றும் பெயர். கடன் தகராறு, நிலத்தகராறு எதுவானாலும் இங்கே வந்து சத்தியம் செய்து தீர்த்துக்கொள்வது பழைய வழக்கம். இந்தப் படியில் நின்று பொய் சொல்ல யாருக்கும் நா எழாது என்று நம்பிக்கை.

'இனிமேல் தொட மாட்டேன்' என்று கோயில் படியில் நின்று மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்த கணவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்! அந்த நிமிடத்தில் அவர்கள் பொய் சொல்லவில்லை. சத்தியம் செய்யும்போது மணி காலை பத்து. சோதனை மாலை ஆறு மணிக்கு.

படியேறி நிற்கும்போது மூச்சு வாங்கும். கீழே சமவெளி முழுவதும் தெரியும். விசைத்தறிக் கூரைகள், ரிக் வண்டிகளின் வரிசை, கோழிப்பண்ணைகளின் நீளமான கொட்டகைகள். ராஜாஜி பார்த்த ஊர் அல்ல இது. இந்த மாவட்டம் இன்று முட்டைக்கும் லாரிக்கும் பேர்போனது. வேலைக்குப் பஞ்சமில்லை, ஓய்வுக்குத்தான் பஞ்சம். இரண்டு ஷிஃப்ட் தறி ஓட்டுபவருக்கும், பத்து நாள் லாரியில் போய்த் திரும்புபவருக்கும் 'வாழ்க்கைமுறையை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று டாக்டர் சொல்லும்போது, அவர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. முழு வாழ்க்கையையும் மாற்ற யாருக்கும் நேரம் இல்லை. ஒரு மணி நேரத்தை வேண்டுமானால் மாற்றிப் பார்க்கலாம்.

ராஜாஜி அந்த ஆஸ்துமா உடம்போடு 94 வயது வரை இருந்தார். எண்பது வயதில் புதுக் கட்சி தொடங்கினார். ராமாயணமும் மகாபாரதமும் எழுதினார். அரசியலில் அவரோடு உடன்படாதவர்கள் ஏராளம், அதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால், அந்த மனிதருக்குப் பொழுது போகவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மறுபடி சேலம்

பஸ் சேலம் வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். மதியம் பன்னிரண்டுக்கே திறந்துவிட்ட டாஸ்மாக் கடைகளின் முன்னால் பைக்குகள் நிற்கத் தொடங்கும் நேரம். அதே நேரத்தில்தான் தெருமுனைகளில் தட்டுவடை செட் வண்டிகளும் விளக்குப் போடுகின்றன. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், சிவப்பும் பச்சையுமாக இரண்டு சட்னி. வாயை நன்றாகத் திறந்து ஒரே வாயில் போட வேண்டும். கடித்தால் சட்டை பாழ்.

வேலை முடிந்து வந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள். யார் சட்டையில் முதலில் சிந்துகிறது என்று பிள்ளைகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "இன்னொரு செட் போடுங்கண்ணா, காரம் கம்மியா" என்று ஒரு குரல். மணி ஆறேகால்.